மழைக்கு முன் ஏறிய கிணறு

கலைப்பீட மாணவனொருவன் கணினி நிரலைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குச் சற்று வியப்பைத் தரலாம். ஆயினும் புவியியல் எமது பீடத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. அதனைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் ஒருவன் தன் வீட்டுக் கிணற்றை ஆராயத் தொடங்கின், கிணறு அவனைக் கணிதத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றது. நான் அவ்வாறு நிறுத்தப்பட்டவன். அங்கு நான் செய்த தவறொன்று என் வாப்பாவின் நான்கு பாத்தி வெங்காயத்தைக் கருக்கியது. அத்தவறு எங்கு ஒளிந்திருந்தது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

எனது ஊர் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ளது. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றரை. ஆறில்லை, குளத்துப் பாசனமுமில்லை. சின்ன வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் புகையிலையும் இம்மணலில் விளைகின்றனவெனின், அதற்கு மணலின் அடியிலுள்ள நன்னீரே காரணமாகும். மழைநீர் மணலிற் கசிந்திறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. இவ்வில்லையின் கணக்கை ஒல்லாந்துப் பொறியியலாளர் கைபன் 1888இலும், ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே வெளியிட்டனர். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருப்பின், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அதன் சாரம். மகிழ்ச்சி தரும் கணக்குத்தான். ஆனால் மறுபக்கமும் அதற்குண்டு: மட்டம் ஒரு சாண் இறங்கினால் கீழே உப்பு நாற்பது சாண் ஏற வழி பிறக்கின்றது. 1667இல் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரின் நாடும் மணற்குன்றுகளின் அடியில் நன்னீர் தேடிய நாடே. என் ஆய்வுக்கு வேண்டிய முறையும் அந்நாட்டிலிருந்தே வந்தது என்பதை எண்ணும்போது எனக்குச் சிறிது வேடிக்கையாக இருக்கும்.

எனது ஆய்வுக் கேள்வி எளியது. இன்று பெய்யும் மழை எத்தனை நாள் கழித்துக் கிணற்றில் மட்டமாக ஏறும்? மழைவீழ்ச்சித் தரவு பெறுவது கடினமன்று. கிணற்று மட்டத்தை அளந்தவர் என் உம்மா. 2023 ஒக்டோபர் தொடங்கி நாள்தோறும் சுபஹுத் தொழுகை முடிந்ததும் முடிச்சிட்ட கயிற்றைக் கிணற்றில் இறக்கி, விளிம்பிலிருந்து நீர்வரையுள்ள தூரத்தை ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதினார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலிருந்து படகேறிக் கற்பிட்டிக்கு வந்த ஏழு வயதுச் சிறுமி அவர். ஒரு கிணற்றின் முன் நூறு குடங்கள் வரிசை நின்ற முகாமில் வளர்ந்தவருக்குத் தண்ணீரை அளப்பதெப்படி என்று நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கொப்பியில் ஒரு நாள் விடுபட்டால் அந்த இடத்தில் காரணமும் எழுதப்பட்டிருக்கும்: “கலியாண வீடு”, “புத்தளம் ஆசுப்பத்திரி”.

இனிக் கணிதத்துக்கு வருவோம். ஒரு நாள் மழை ஒரே நாளிற் கிணற்றை அடைவதில்லை. அதன் ஒரு பங்கு நாளையும், பெரும்பங்கு சில நாள் கழித்தும், எஞ்சியது மெல்ல மெல்லவும் வந்துசேரும். ஆகவே இன்றைய மட்டமென்பது கடந்துபோன பல நாள் மழைகளின் கூட்டு. உதாரணத்துக்கு, மழையின் பத்தில் இரண்டு பங்கு அன்றும், ஐந்து பங்கு மறுநாளும், மூன்று பங்கு மூன்றாம் நாளும் வந்துசேர்வதாக வைத்துக்கொள்வோம். திங்கள் 10 மில்லிமீற்றர், செவ்வாய் 20 மில்லிமீற்றர், புதன் மழையில்லை. புதனன்று கிணற்றுக்கு வருவது யாது? செவ்வாய் மழையில் ஐந்து பங்கு 10, திங்கள் மழையில் மூன்று பங்கு 3, ஆக 13. கூட்டும்போது கவனித்தீர்களாயின், மழை முன்னோக்கிச் செல்ல, பங்கு பின்னோக்கிச் செல்கின்றது. ஒரு சார்பைத் திருப்பி மற்றதன் மேல் வைத்து, பெருக்கி, கூட்டி, ஒரு நாள் நகர்த்தி, மறுபடியும் பெருக்கிக் கூட்டுதல்: இதுவே கொன்வலூஷன் எனப்படும் செய்கை. ஜெர்மானியர் இதனை ‘மடித்தல்’ என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். அச்சொல் எனக்குப் பிடித்திருப்பதால், இக்கட்டுரையில் நானும் மடிப்பு என்றே எழுதுகின்றேன்.

நீரியலில் இது புதிதன்று. ஒரு மழைக்கு ஆறு காட்டும் எதிர்வினையை அலகாகக் கொண்டு, பல மழைகளின் விளைவை அவ்வலகுகளின் கூட்டாகக் காட்டிய ஷேர்மனின் முறை 1932இலேயே வந்துவிட்டது. தரைக்கீழ் நீருக்கு இதனைச் சீராகப் பொருத்திய ஒல்லாந்தரான ஃபொன் அஸ்முத்தும் அவரது துணையாய்வாளரும் எழுதிய கட்டுரை 2002இல் வெளிவந்தது. நாளுக்கு நாள் பங்கு எவ்வளவு எனத் தனித்தனியே தேடாமல், பங்குகள் அனைத்தும் காமா வடிவிலான ஒரு மென்மையான வளையியில் அமைவதாகக் கொண்டு, அவ்வளையியின் சில பரமானங்களை மட்டும் தேடுவதே அவர்களின் வழி. மொத்த அளவைத் தருவது ஒன்று. வடிவைத் தருவது மற்றொன்று. நாட்கணக்கை நீட்டிச் சுருக்குவது மூன்றாவது. இவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து, கணித்த மட்டத்துக்கும் உம்மாவின் கொப்பிக்கும் இடையிலான வேறுபாடுகளின் வர்க்கக் கூட்டு இழிவாகும் இடத்தைக் கணினி கண்டுபிடிக்க வேண்டும். இதற்குரிய லெவன்பேர்க்–மார்குவாட் முறை 1944இலும் 1963இலும் உருவானது. அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடம் 1980இல் போர்ட்ரான் மொழியில் வெளியிட்ட மின்பக் என்ற நிரற்றொகுதியின் வழிமுறைகள் இன்றும் பைதன் மொழியின் சைப்பைத் தொகுதியின் உள்ளே நின்று உழைக்கின்றன. இம்முறையைத் தரைக்கீழ் நீருக்கென்றே நடத்தும் பாஸ்டாஸ் என்ற ஆயத்தத் தொகுதியும் ஒல்லாந்திலிருந்து வந்துள்ளது. அதனைப் பயன்படுத்தியிருக்கலாம். நானோ அனைத்தையும் என் கையாலேயே எழுத வேண்டுமென்று பிடிவாதம் கொண்டேன். கலைப்பீடத்தானுக்கு இதெல்லாம் வராது என்று விடுதி அறையில் விஞ்ஞான பீட நண்பனொருவன் சொன்னதும் அதற்கொரு காரணம்.

முதற் சிக்கல் விரைவிலேயே வந்தது. உம்மா அளக்காத நாட்களை அட்டவணையிலிருந்து நீக்கி, அந்நாட்களின் மழையையும் சேர்த்தே நீக்கிவிட்டேன். மடிப்போ சம இடைவெளியை வேண்டி நிற்பது. கலியாண வீட்டுக்குப் போன மூன்று நாட்களை நீக்கினால், அதற்கு முந்திய மழைகள் யாவும் கிணற்றுக்கு மூன்று நாள் நெருங்கிவிடுகின்றன. அளவை உள்ள நாட்கள் வேறு, கணிப்பு நடக்க வேண்டிய நாட்கள் வேறு என்று பிரிக்க வேண்டும். மழையை ஒரு நாளும் விடாமல் மடித்து, முடிவில் கொப்பியில் எண் உள்ள நாட்களை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டாவது, தொடக்கம். ஒக்டோபர் முதலாம் திகதிக் கிணற்றுக்கு செப்டெம்பர் மழையும் வேண்டும். எனவே அளவை தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே மழைத்தரவு எடுத்தேன். மூன்றாவது, பரமானங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வது. பங்கு வளையியின் உயரத்தையும் வெளியே பெருக்கும் அளவையும் ஒருங்கே விட்டுவிட்டால், ஒன்று இரட்டிப்பாகவும் மற்றது பாதியாகவும் ஆகி, விடை மாறாது நிற்கும். கணினி எதனை எடுப்பதென்று அறியாது அலையும். பங்குகளின் கூட்டுத்தொகையை ஒன்றாக்கி வைத்தபின்பே அது அடங்கியது.

வேகத்துக்காக ஃபூரியே உருமாற்றத்தையும் முயன்றேன். 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு முறையினால் மடிப்பு வெறும் பெருக்கலாகிவிடும். ஆனால் அது தரவினை வட்டமாகக் கருதுவது. வரிசையின் இறுதிக்குப் போதிய பூச்சியங்களைச் சேர்க்காவிடின், கடைசி மாதத்து மழையின் மீதி முதல் மாதத்துக் கிணற்றுக்குள் வந்து விழும். அதனைப் பற்றிப் புத்தகங்கள் எச்சரித்திருந்தமையால் அதில் நான் தப்பிவிட்டேன். எச்சரிக்கையில்லாத இடத்திலேதான் விழுந்தேன்.

நம்பைத் தொகுதியில் மடிப்புக்கென ஒரு கட்டளை உண்டு. இரு வரிசைகளை மடித்தால், விடை இரண்டின் நீளங்களின் கூட்டுக்கு ஒன்று குறைவாக நீண்டு வரும். என் மழை வரிசையைவிட நீளமான விடையைக் கொப்பியோடு எப்படி ஒப்பிடுவது? அக்கட்டளைக்கு ‘ஸேம்’ என்ற ஒரு தெரிவுண்டு. மூலவரிசையின் நீளத்துக்கே விடையை வெட்டித் தரும். அதனை எழுதினேன். நீளம் பொருந்தியது. வளையியும் பொருந்தியது, கணித்த கோடு உம்மாவின் புள்ளிகளினூடே நூல் கோத்ததுபோலச் சென்றது. அன்றிரவு நண்பனைத் தட்டியெழுப்பிக் காட்டினேன்.

கணினி தந்த விடையின்படி மழையின் தாக்கம் உச்சம் பெறுவது 77 நாள் கழித்து. வடிவப் பரமானம் 19. எனது மேற்பார்வையாளர் அதனைப் பார்த்து, “இந்தப் பத்தொன்பது எங்கிருந்து வந்தது? மணலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்றுதானே வரவேண்டும்?” என வினவினார். குடாநாட்டு மணலின் தனித்தன்மையாக இருக்கலாம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கோடு அவ்வளவு அழகாகப் பொருந்தும்போது ஓர் எண்ணை யார் சந்தேகிப்பார்? அவர் சந்தேகித்தார். நான் சந்தேகிக்கவில்லை.

2024 டிசெம்பர் இறுதியில் மழை ஓய்ந்தபோது வாப்பா தொலைபேசியில் அழைத்தார். வழக்கமான பாத்திகளோடு நிறுத்துவதா, இன்னும் நான்கு போடுவதா என்பது அவருடைய யோசனை. அவருடைய கணக்குப்படி மழைக்குப் பின் இரண்டு மூன்று வாரம் கிணறு ஏறும், பிறகு இறங்குமுகம். நான் என் கணக்கைச் சொன்னேன். நவம்பர், டிசெம்பர் மழையின் பயன் இன்னும் வந்துசேரவில்லை, மார்ச் வரையில் கிணறு தாங்கும் என்றேன். மறுமுனையிற் சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, “சரி மகன், படிச்ச புள்ள சொல்லுற” என்றார். நான்கு பாத்திகளும் கூடப் போடப்பட்டன.

பெப்ரவரி நடுப்பகுதியில் கிணற்று நீர் சவர்த்தது. வெங்காயம் உப்பைச் சகிக்காத பயிர். முதலில் தாளின் நுனி வெளுத்து, பிறகு கருகும். புதிய நான்கு பாத்திகள் மட்டுமன்றிப் பழைய பாத்திகளிலும் நுனி கருகத் தொடங்கியது. அவ்வாரமே ஊருக்குப் போனேன். வாப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே தாங்க முடியாததாயிருந்தது. உம்மாதான் இரவு உணவுக்குப் பின் கொப்பியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். மழை பெய்த நாட்களுக்கு எதிரே அவர் தம் பாட்டில் ஒரு சிறு துளி வரைந்து வைத்திருந்தார். பெரிய மழைகளிலிருந்து விரலால் நாட்களை எண்ணிக்கொண்டு போய், மட்டம் மிக உயர்ந்த இடத்தில் விரலை நிறுத்தினார். ஒரு மழைக்குப் பதினேழு. இன்னொன்றுக்கு இருபது. “ஒன்ட எழுவத்தேழு இதுல எங்க மகன் இரிக்கி?” என்று கேட்டார்.

அன்றிரவு, செய்திருக்க வேண்டிய முதற் சோதனையைக் கடைசியிற் செய்தேன். உண்மை மழையையெல்லாம் நீக்கிவிட்டு, நூறாம் நாளில் மட்டும் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்ததாக ஒரு பொய் வரிசையை நிரலுக்குக் கொடுத்தேன். பங்கு வளையியில் உச்சம் பதினெட்டாம் நாளில் வருமாறு வைத்தேன். கிணறு நூற்றுப் பதினெட்டாம் நாளில் உச்சம் பெற வேண்டும். திரையில் அது ஐம்பத்தெட்டாம் நாளில் உச்சம் பெற்றது. மழை பெய்வதற்கு நாற்பத்திரண்டு நாள் முன்பே கிணறு நிறைந்துவிட்டது!

காரணம் அந்த ‘ஸேம்’. நீண்ட விடையை அது முன்னும் பின்னும் சமமாக வெட்டி நடுப்பகுதியை எடுத்துத் தருகின்றது. என் பங்கு வரிசை 121 நாள் நீளமானது. எனவே முன்பக்கத்தில் 60 நாள் வெட்டப்பட்டு, விடை முழுவதும் 60 நாள் முன்னுக்கு வந்துவிட்டது. கட்டளையில் பிழையில்லை. நிறமாலைக் கோடொன்றைக் கருவியின் மங்கலோடு மடிப்பவருக்கு அதுவே வேண்டியது. மங்கல் இருபக்கமும் சமமாகப் பரவுவது, அதற்கு நடுவுண்டு. நடுவை நடுவோடு பொருத்துதல் சரியே. மழைக்கு இருபக்கமில்லை. நேற்று இன்றைக்குள் வரும். நாளை இன்றைக்குள் வராது. இதனைக் கணிதம் தானாக அறியாது, எழுதுபவன் சொல்ல வேண்டும். முழு விடையையும் பெற்று, அதன் முதல் நாளிலிருந்து மழை வரிசையின் நீளம்வரை எடுப்பதே எனக்குரிய வழியாயிருந்தது.

என்னை மிகவும் திகைக்க வைத்தது வேறொன்று. விடை 60 நாள் முன்னுக்கு வந்திருந்தும் வளையி எவ்வாறு அத்துணை அழகாகப் பொருந்தியது? பரமானங்களைத் தேடும் முறைக்கு ஒரே குறிக்கோள்தான்: எச்சத்தைக் குறைப்பது. நிரல் கிணற்றை 60 நாள் முன்னே தள்ளுவதைக் கண்ட அது, பங்கு வளையியை 60 நாள் பின்னே தள்ளி ஈடுசெய்துகொண்டது. அவ்வளவு பின்னே தள்ளுவதற்கே அந்தப் பத்தொன்பது தேவைப்பட்டது. ஒரு தவறு மற்றொரு தவறைத் தோளிற் சுமந்து நின்றது. கோடு சொன்னது உண்மை. எண் சொன்னது பொய். அவ்வாண்டின் மழையைக் கொடுத்து நிரலையே ஓடவிட்டிருந்தால் மட்டம் எப்போது இறங்கும் என்பதை அது ஏறக்குறையச் சரியாகவே காட்டியிருக்கும். நானோ எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வாப்பாவுக்கு நாள் குறித்தேன்.

திருத்திய நிரலில் வடிவப் பரமானம் 2.5 ஆகவும், உச்சம் 18 நாளாகவும் வந்தன. பொருத்தம் முன்னையதைவிடச் சிறிதளவே மேம்பட்டது. வேறுபாட்டின் அற்பத்தைப் பார்த்தால், எது சரியென்று பொருத்தத்தைக் கொண்டு மட்டும் தீர்மானித்திருக்க முடியாதென்பது தெரியும். மேற்பார்வையாளர் இம்முறை பத்தொன்பதை நினைவுபடுத்தவில்லை, 2.5ஐ மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

18 நாள் என்பது வேறொரு கவலையையும் தருகின்றது. கற்பிட்டித் தோட்டங்களில் இடும் உரத்தின் நைத்திரேற்று தரைக்கீழ் நீரிற் கலப்பது நெடுங்காலமாக ஆய்வாளர் எழுதிவரும் விடயம். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கிணறு இவ்வளவு விரைவாக மழைக்கு விடையளிப்பின் உரமும் இவ்வளவு விரைவாக வருமா? அவ்வாறு உடனே முடிவு கட்டுவதும் தவறே. மட்டம் ஏறுவது, மேலே சேர்ந்த நீர் கீழேயுள்ள நீரை அமுக்குவதால். அதே துளி வந்துசேர வேண்டியதில்லை. துளியோடு பயணிக்கும் உப்புக்கும் உரத்துக்கும் வேறு கடிகாரம். ஓர் எண்ணை அதற்குரியதல்லாத கேள்விக்கு விடையாக்கும் வேலையை இன்னொரு முறை செய்ய நான் விரும்பவில்லை. அதனை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் கேள்வியாகவே விட்டுள்ளேன்.

மற்றொரு குறை இன்னும் தீரவில்லை. மடிப்பு முறை இரண்டு மழைகளின் விளைவு அவற்றின் தனித்தனி விளைவுகளின் கூட்டு என்று கருதுகின்றது. நீரிறைக்கும் பம்பி இயங்கும் நாட்களில் எச்சங்கள் ஒரே பக்கம் சாய்கின்றன. இறைப்பையும் எதிர்க்குறியுடைய இன்னொரு வரிசையாக மடித்துச் சேர்க்கலாம். ஆனால் எத்தனை மணி நேரம் இறைத்தார்கள் என்பதற்குக் கொப்பியில்லை. வாப்பாவின் மின்கட்டணச் சீட்டுக்களை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தேன். மாதக் கணக்கு நாட்கணக்குக்கு உதவவில்லை. பக்கத்துத் தோட்டங்களின் பம்பிகளும் அதே வில்லையிலிருந்துதான் இறைக்கின்றன. அவர்களுடைய சீட்டுக்களைக் கேட்பதெப்படி?

கடந்த விடுமுறையில் நானும் வாப்பாவும் கிணற்றடியில் நின்றோம். கருகிய பாத்திகளைப் பற்றி முதன்முறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் கயிற்றை இறக்கியவாறே, “நானும்தானே கேட்டுப் போட்டேன்” என்றார். பின்பு கயிற்றின் முடிச்சுகளை எண்ணி, உம்மாவின் எண்ணோடு ஒத்துப்பார்த்தார். இப்போது வீட்டிலிருந்து நாள்தோறும் இரண்டு எண்கள் வருகின்றன: மட்டம் ஒன்று, பம்பி ஓடிய நிமிடங்கள் மற்றொன்று. இரண்டாவதை எழுதுபவர் வாப்பா. இன்று காலை வந்தவை: 2 மீற்றர் 14 சென்டிமீற்றர், 40 நிமிடம்.